நைனார் பேரில் நான் கோத்த வரி

அப்பாண்டைநாதன் என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. அந்த மனக்குறை எனக்கு ஐந்து வருஷமாக இருக்கிறது. ஒருத்தருக்குத் தீங்கு செய்தவன் அவர் கையால் நாலு ஏச்சு வாங்கிவிட்டால் ராத்திரி தூங்கலாம். ஏச்சு வாங்காதவனுக்கு அந்த வழியும் இல்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் இன்றைக்கும் அவர் பேச்சு வந்தால், "அதாம்பா, புஸ்தகத்தைத் திருடி வேலை போன வாத்தியார்" என்கிறார்கள். சொல்கிறவன் யாராக இருந்தாலும் நான் சண்டைக்குப் போய்விடுகிறேன். போய் என்ன பயன்? முழுக்கதையும் சொல்ல ஆரம்பித்தால் டீ குடித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விடுகிறான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபது வருஷமாக அச்சாபீசில் எழுத்துக் கோத்துக் கோத்து வந்த தமிழ்தான் என்னிடம் இருக்கிறது.

அவர் தொண்டூர் நைனார். எங்கள் பக்கத்தில் ஜைனர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். பள்ளியில் அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டே வீட்டில் பரீட்சைக்குப் படித்தார். புத்தகம் வாங்க வழியில்லை. யாரிடமாவது இரவல் வாங்குவார், முழுசாகக் கையால் எழுதிக்கொள்வார், திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி எழுதி எழுதியே பி.ஏ., அப்புறம் எம்.ஏ. நாற்பத்தேழாவது வயதில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். அதற்காகவே மனைவி மருதேவியோடு செஞ்சிக்கு வந்து என் அச்சாபீசுக்கு அடுத்த வீட்டில் குடியேறினார்.

முதல் நாள் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"வீராசாமி, கரும்பலகை இந்தச் சொவத்துலருந்து அந்தச் சொவரு வரைக்கும் இருக்குதுய்யா" என்றார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கை பத்தவில்லை.

காலை ஆறரை பஸ்ஸுக்குப் போவார். பொழுது சாய்ந்தால் நைனார்கள் சாப்பிட மாட்டார்கள். திரும்பி வரும் பஸ் அடிக்கடி தாமதமாகும். அதனால் வழியிலேயே தூக்குச் சட்டியைத் திறந்து தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிடுவார். கண்டக்டர் பாவாடை வேடிக்கைக்காரன். "நைனாரே, சூரியன் இன்னும் ஒரு முழம் இருக்குது, நிதானமா சாப்புடு. டிரைவர் அண்ணே, மலைக்குக் கெழக்கால ஓட்டாத, அவருக்கு இருட்டிப் பூடும்" என்பான். பஸ் மொத்தமும் சிரிக்கும். அவரும் வாயில் சோற்றோடு சிரிப்பார்.

அந்தக் கல்லூரியில் அப்போதுதான் சரித்திரத்தைத் தமிழில் நடத்த ஆரம்பித்திருந்தார்கள். படிக்க வந்தவர்கள் எல்லாம் அனந்தபுரம், தொண்டூர் மாதிரி ஊர்களிலிருந்து வந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேர். பாடத்துக்குத் தமிழில் ஒரே ஒரு புத்தகம். சென்னையில் ஓய்வில் இருந்த பேராசிரியர் கோதண்டராமன் என்பவர் ஏரிப்பாசனம் பற்றியும் நிலவரி பற்றியும் எழுதியது. அச்சில் தீர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. நூலகத்தில் ஒரு பிரதி. முப்பத்தெட்டுப் பேரும் அதையே பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? அட்டை போயிற்று. அப்புறம் முதல் அத்தியாயமும் போயிற்று.

நைனார் பழைய வழக்கப்படி அந்தப் புத்தகம் முழுவதையும் நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். பரீட்சைக்கு முக்கியமான ஒரு அத்தியாயத்தை மட்டும் என்னிடம் கொண்டுவந்தார்.

"ஐம்பது பிரதி போடு. வகுப்புல குடுக்கத்தான். கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்னு பாத்துக்கோ, அது கண்டிப்பா வரணும்" என்றார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் இப்படி எழுதியிருந்தார்: "இதை எழுதியவர் பேராசிரியர் கோதண்டராமன். வகுப்பில் படிக்க மட்டும்."

இனிமேல்தான் என் கைங்கரியம்.

நான் நைனார் வீடுகளுக்கு நிறைய அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு நாலு தானம் உண்டு. சோறு, மருந்து, அடைக்கலம், நாலாவது சாஸ்திரம். ஒரு நூலைப் பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தால் பெரிய புண்ணியம். வீட்டில் ஒரு பெரியவர் இறந்தால், நோன்பு முடித்தால், பழைய நூல் ஒன்றை அச்சடித்துக் கோயிலில் கொடுப்பார்கள். அதன் அடியில் "இன்னார் அவர்களின் சாஸ்திர தானம்" என்று ஒரு வரி வரும். எழுதினவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவராக இருப்பார். அவர் பேர் பல நேரம் இருக்காது, கொடுப்பவர் பேர்தான் இருக்கும். அந்த வரியை எத்தனை தடவை கோத்திருப்பேனோ, எனக்கே கணக்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு கோப்பேன்.

நைனார் புரூப் பார்த்துத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் பக்கம் கட்டும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அவர் எழுதினதோ இரண்டு வரி வரும். யோசித்தேன். இந்த மனுஷன் தன் கையால் எழுதி, பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிறார். இது சாஸ்திர தானம் இல்லாமல் வேறென்ன? அவர் பேரை அவரே போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறார், நாம் போடுவோம் என்று நினைத்தேன். அவர் எழுதின இரண்டு வரியை எடுத்துவிட்டு, "தொண்டூர் அப்பாண்டைநாதன் அவர்களின் சாஸ்திர தானம்" என்று கோத்தேன். நல்லது செய்ததாகவே நினைப்பு. என் சம்சாரத்தைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

மறுநாள் ஆறரை பஸ்ஸுக்குக் கட்டோடு வாங்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, தெரியாது. வகுப்பில் போய்க் கொடுத்துவிட்டார்.

கெட்டது நல்லவர் ஒருவர் மூலமாக வந்தது. அதே கல்லூரியில் சென்னைக்கார ஆசிரியர் ஒருவர் இருந்தார். கோதண்டராமனிடம் படித்தவர். "உங்கள் நூலை எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் பாருங்கள்" என்று சந்தோஷமாக ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினார். பெரியவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ஒரு வாரத்தில் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் வந்தது. "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் தோப்புத் தேங்காயை எடுத்துத் தன் பெயருக்கு உடைப்பவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தாராம்.

முதல்வர் அறையில் நடந்ததை அவருடைய மாணவன் துரைராஜ் எனக்குச் சொன்னான். அவன் அனந்தபுரத்துப் பையன், சான்றிதழில் கையெழுத்து வாங்க வாசலில் நின்றிருந்தானாம்.

"இது உங்க பேருதானே?"

"ஆமாங்க."

"நீங்க எழுதினதா?"

"இல்லீங்க."

"அப்புறம் தானம் குடுக்க இது யாரு வீட்டுச் சொத்து?"

"தப்புதாங்க."

அவ்வளவுதான் சொன்னாராம். அச்சாபீஸ்காரன் என்று ஒருத்தன் இருப்பதாகவே சொல்லவில்லை. முதல்வர் கெட்டவரில்லை. "எழுதினவர் கையெழுத்தோட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க. ஜூனுக்குள்ள வந்துட்டா உங்க வேலையைப் புதுப்பிச்சுடலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நைனார் என் மேசைமேல் அந்தத் தாளை வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது எப்ப வந்தது வீராசாமி?"

"நான்தான் போட்டேன் நைனாரே. நல்லாருக்கட்டும்னு."

"இங்க இருந்த ரெண்டு வரி?"

"எடம் பத்தல."

நான் திட்டுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். "சின்ன எழுத்துல போட்டிருந்தா பத்தியிருக்கும்" என்றார். அப்புறம் மேற்கே பார்த்தார். "பொழுது போவுது. சாப்பிட்டுட்டு வரேன்" என்று போய்விட்டார்.

அதுதான் எனக்குக் கிடைத்த மொத்த ஏச்சு.

நான் வக்கீல் குமாஸ்தா விநாயகத்தைப் போய்ப் பிடித்தேன். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே சட்டம் சொன்னான். "வாத்தியாரு வகுப்புல பாடத்துக்காகப் புஸ்தகத்துலருந்து எடுத்துச் சொன்னா, எழுதிப் போட்டா, புள்ளைங்க எழுதிக்கிட்டா, ஒண்ணும் பண்ண முடியாது. சட்டமே வுட்டு வச்சிருக்குது. நீ இன்னா பண்ண? ஒரு அத்தியாயத்தையே மிஷின்ல அடிச்ச. அதையாவது பாடத்துக்குத்தான்னு வாதாடலாம். எழுதினவன் பேரை எடுத்துட்டு வேறொருத்தன் பேரைப் போட்டியே, அதுக்கு எந்த வக்கீலு வாதாடுவான்?"

"நான் அவருக்குப் புண்ணியம் வரட்டும்னு..."

"புண்ணியத்துக்குச் செக்‌ஷன் இல்ல வீராசாமி."

நைனார் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். மன்னிப்புக் கேட்டு ஒன்று. பதில் இல்லை. சம்மதம் கேட்டு இன்னொன்று. அதற்கும் இல்லை. ஏப்ரல், மே, விடுமுறை முழுக்கத் தபால் பை பிரிக்கும் நேரத்துக்குத் தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் நிற்பார். தபால்காரர் தெருவுக்குள் வரட்டும் என்று வீட்டில் இருக்க அவரால் முடியாது. தூரத்திலேயே தபால்காரர் தலையை ஆட்டிவிடுவார். ஆட்டின பிறகும் இவர் கொஞ்ச நேரம் நிற்பார். மருதேவியம்மா ஒருநாள் என் சம்சாரத்திடம், "அவரு சட்டைய நான் இஸ்திரி போட்டுத்தான் வச்சிருக்கேன், எந்த நாளு கூப்பிட்டாலும் போவணும்னு சொல்றாரு" என்று சொன்னாராம்.

ஜூன் வந்தது. கடிதம் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள்.

அதற்குப் பிறகும் அவர் காலை ஆறரைக்குப் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்றார். குடையை ஊன்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பார். பிள்ளைகள் நோட்டோடு ஏறுவதைப் பார்ப்பார். பாவாடை படியில் தொங்கிக்கொண்டு, "இன்னா நைனாரே, ஏறலியா? உங்க ஜன்னல் சீட்டு காலியாத்தான் கீது" என்பான்.

"இன்னிக்கு இல்லப்பா."

ஒரு மாதம் தினமும் கேட்டான். தினமும் அதே பதில். அப்புறம் அவனும் கேட்பதை விட்டுவிட்டான். ஒருநாள் அவனே என்னிடம் வந்து, "அண்ணே, அவரை அங்க நிக்க வேணாம்னு சொல்லுண்ணே. எனக்கு விசில் அடிக்க வாய் வரமாட்டேங்குது" என்றான்.

இனி சும்மா இருக்கக்கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது. நைனார் கையால் எழுதின அந்த அத்தியாயம் என்னிடமே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். அவரிடம் சொல்லவில்லை.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் கோதண்டராமன் வீடு. எழுபது தாண்டியவர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருய்யா நீ?"

"செஞ்சிங்க. அச்சாபீஸ். அந்தச் சாஸ்திர தான வரியைப் போட்டவன் நான்தாங்க. அவரு இல்ல."

"வக்காலத்து வாங்க உன்னை அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா வுடமாட்டாரு. இதைப் பாருங்க, அவரு எழுதிக் குடுத்தது" என்று கடைசிப் பக்கத்தை நீட்டினேன்.

தன் பேரைப் பார்த்தார். அப்புறம் முதல் பக்கத்துக்குப் போனார். நின்றபடியே இரண்டு மூன்று பக்கம் படித்தார். உட்கார்ந்தார்.

"இது என்ன, எழுத்து எழுத்தா அப்படியே இருக்கு? முழுப் புத்தகத்தையும் இப்படி எழுதி வச்சிருக்காரா?"

"ஆமாங்க. ஏழு நோட்டு."

"என் வீட்டுல ஒரு பிரதிகூட இல்லய்யா" என்றார். "எவனோ வாங்கிட்டுப் போனான், திருப்பித் தரலை. நான் எழுதினதை நானே படிச்சுப் பத்து வருஷமாச்சு."

சம்மதக் கடிதம் கேட்டேன். சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"சம்மதம் குடுக்க உரிமை என்கிட்ட எங்க இருக்கு? அச்சுப் போட்டப்பவே பதிப்பகத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். பதிப்பகத்தார் செத்துட்டார். பிள்ளைங்க கோர்ட்டுல இருக்காங்க. அவனுங்களும் திரும்ப அச்சடிக்க மாட்டானுங்க, மத்தவனையும் அடிக்க விடமாட்டானுங்க."

"அப்ப அவருக்கு வழி?"

"அச்சடிக்காம இருக்கச் சொல்லு. வகுப்புல வாய்விட்டுப் படிக்கட்டும், பசங்க எழுதிக்கட்டும். அது பாடம். அதை எவனும் கேக்க முடியாது."

தனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, உரிமை மட்டும் பதிப்பகத்தாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நைனார் அதை மூன்று தடவை படித்தார். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆறரை பஸ்ஸில் ஏறினார். பாவாடை ஜன்னல் சீட்டிலிருந்த ஆளை எழுப்பி விட்டானாம். முதல்வர் படித்துப் பார்த்து, வருத்தப்பட்டு, கை குலுக்கினார். உரிமை உள்ளவர்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, இடமும் நிரம்பிவிட்டது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரைராஜ் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு என் அச்சாபீசுக்கு வந்தான். ஞாயிறு மிஷின் ஓடாது. அடுத்த வீட்டிலிருந்து நைனாரையும் அழைத்து வந்து காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். "சார், நீங்க படிங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றான்.

நைனார் தயங்கினார். "இது வகுப்பாவுமாய்யா?" என்று, என்னோடு பேசிக்கொண்டிருந்த விநாயகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ரிஜிஸ்டர் இல்ல, மணி இல்ல, முதல்வர் இல்ல. எந்தக் கணக்குல வகுப்பு?" என்றான் விநாயகம்.

"சார் வந்தா வகுப்பு. சார் வராட்டி அச்சாபீஸ். அவ்ளோதாங்க சட்டம்" என்றான் துரைராஜ்.

ஒன்றரை வருஷம் நடந்தது. அவர் நின்றுகொண்டே படிப்பார். ஒரு வாக்கியம் படித்து, பதினோரு பேனாவும் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, அடுத்ததைப் படிப்பார். ஒருநாள் இருமல் வந்து என்னிடம் நோட்டைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். அச்சாபீசில் புரூப் படிக்கிறபோது ஒருத்தர் கமா, புல்ஸ்டாப் எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான், "ஏரி கமா குளம் கமா கிணறு ஆகியவை" என்று ஓட்டினேன். ஒரு பையன் 'கமா' என்பதையும் நோட்டில் எழுதிவிட்டான். நைனாருக்கு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்து கண்ணில் நீர் வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு சில நாள் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நிற்பார். எனக்குப் புரியும்.

"கரி பூசித் தரட்டுமா நைனாரே? இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும்?"

"வேணாய்யா. கல்லூரின்னா அது கல்லூரிதான். ரெண்டு வருஷம் நின்னேனே, அது போதும்" என்றார். போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆறரை பஸ் ஹாரன் கேட்டால் கடைசி வரைக்கும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும்.

இருமல் நிற்கவில்லை. தொண்டையில் புண் என்றார்கள். குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. முன்வரிசைக்கு மட்டும் கேட்டது, அப்புறம் அவர்களுக்கும் கேட்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து நவம்பரில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போக முடிவாயிற்று. போனவர் திரும்பி வரவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் மருதேவியம்மா வந்து, "உங்களை வரச் சொல்றாரு" என்றார்.

போனேன். பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏழு நோட்டும் அடுக்கியிருந்தது. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"நைனாரே, அந்த வரிக்கு என்னைத் திட்டிட்டுப் போங்க."

கையை ஆட்டினார், அந்தப் பேச்சை விடு என்பதுபோல. ஆறாவது நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். நான் காதை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"ஏப்ரல்ல பரீட்சை. ரெண்டு அத்தியாயம் பாக்கி. ஞாயித்துக்கெழம நீ படி."

"நானா? அஞ்சாங்கிளாசு படிச்சவன் பி.ஏ.க்குப் படிக்கிறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். புள்ளைங்க எழுதுவாங்க." மூச்சு வாங்கினார். அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து ஒரு பாராவைக் காட்டினார். "இங்க ஒரு தப்பு இருக்குது. தண்ணி கொறஞ்சா மொத மடைக்காரனுக்குத்தான் மொத முறைன்னு எழுதியிருக்காரு. எங்க ஊர்ல அப்படி இல்ல. வறண்ட வருஷம் கடைமடைக்காரனுக்குத்தான் மொத முறை. எங்க அப்பாவே கடைமடை, வாய்க்கா முடியிற எடத்துல நெலம். பெரியவரு எங்க ஏரியப் பாக்கல."

"சரி, அதை மாத்திப் படிச்சுடறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பில் அவ்வளவு பிடி இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"மாத்தாத. அவரு எழுதினதை எழுதினபடியே படி. எல்லாரும் எழுதி முடிக்கட்டும். அப்புறம் பேனாவ மூடச் சொல்லிட்டு, எங்க பக்கத்துல இப்படி இல்லன்னு வாயால சொல்லு."